ஓரகத்திகளின் ஜன்னல்

சின்னவளுக்கு "முடியாது" என்ற சொல் வாயில் வராது. தொண்டைவரை வரும். அங்கே வந்ததும், முன்பின் தெரியாத வீட்டு வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி தயங்கி நின்றுவிடும். அதற்குள் தலை முந்திக்கொண்டு ஆடிவிடும். அப்படி ஆடிய ஒரு தலையாட்டலில்தான் பன்னிரண்டு சிவப்புக் கம்பளிக் கோட்டுகள் லாண்டரிக்குள் வந்து சேர்ந்தன.

லாண்டரி ஒன்றும் பெரிய இடமில்லை. முன்பக்கம் தெருவைப் பார்த்தபடி ஒரு கவுண்டர், அதை ஒட்டி இஸ்திரி மேசை, அப்புறம் துவைக்கிற மெஷின்கள், எல்லாவற்றுக்கும் பின்னால் ஒற்றை ஜன்னல் வைத்த காயப்போடும் அறை. மாடியில் குடித்தனம். அண்ணன் தம்பி இரண்டு பேருடைய கடை என்றுதான் பலகையில் எழுதியிருந்தது. ஆனால் கடையை நடத்தியது அண்ணன் பெண்டாட்டியான பெரியவள். ஈரப் போர்வையை ஒற்றைக் கையால் உதறக்கூடியவள். அவள் உதறினால் அடுத்த தெருவில் காக்காய் பறக்கும் என்று அவள் கொழுந்தன் கேலி செய்வான். அந்தக் கொழுந்தனின் பெண்டாட்டிதான் சின்னவள்.

கல்யாணமாகி வந்த புதிதில் சின்னவளை இஸ்திரி மேசையில் நிறுத்தினார்கள். சட்டைக் காலர்கள் கருகின. மெஷின் பக்கம் விட்டார்கள். வெள்ளைத் துணியோடு ஒரு நீலச் சாக்ஸ் போய்ச் சேர்ந்து, ஒரு டாக்டரின் கோட்டு வானம்போல வெளியே வந்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். பேச வராதவளைப் போய் ஆட்கள் வருகிற இடத்தில் வைப்பதா என்று பெரியவளே தலையில் கை வைத்துக்கொண்டாள். ஆனால் சின்னவளுக்குப் பேசத்தான் வராதே தவிர, கேட்கத் தெரியும். துணியைக் கொடுக்க வந்தவர்கள் சம்பந்தி வீட்டுச் சண்டையையும் சொல்லிவிட்டுப் போனார்கள். புதிதாக வேலைக்குப் போகிற பெண் தன் ஒரே நல்ல சட்டையை நீட்டும்போது, தானே வேலைக்குப் போவதுபோல அதைச் சின்னவள் இரண்டு கையாலும் வாங்கினாள். பிறந்த வீட்டில் ஒரு மூலையிலும் புகுந்த வீட்டில் இன்னொரு மூலையிலும் இருந்தவளுக்கு, உலகம் தானே நடந்து வந்து எதிரில் நிற்கிற இடமாக அந்தக் கவுண்டர் ஆகிவிட்டது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லத்தான் வராதே.

இப்போது துணி காயவைக்கிற டிரையர் மெஷினின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. பெரியவளின் கணவர் மோட்டாரைக் கழற்றித் தூக்கிக்கொண்டு, புதுச் செம்புக் கம்பிக் காயில் சுற்றப் பக்கத்து ஊருக்குப் போயிருந்தார். குளிரோ குளிர். போதாக்குறைக்கு மழை. மோட்டார் திரும்பி வரும்வரை தடியான துணி எதையும் வாங்காதே என்று பெரியவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

அன்று மத்தியானம் பாண்டு மாஸ்டர் வந்தார். பின்னாலேயே இரண்டு பேர் ஒரு மூட்டையைச் சுமந்து வந்து கவுண்டரில் இறக்கினார்கள். மூட்டை முழுக்கச் சேறு. அவருடைய வாத்தியக் குழுவின் கோட்டுகளை வேனின் கூரையில் தார்ப்பாய் போடாமல் கட்டியிருந்தார்களாம். முன்னால் போன லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதாம். மறுநாள் சாயங்காலம் நகர மைதானத்தில் வாத்தியப் போட்டி. சீருடை இல்லாதவர்கள் வரிசையில் நிற்கக்கூட முடியாது. மாஸ்டர் இதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னார். நாளைக்கு நாலு மணிக்குள் ஆகிவிடுமா என்று கேட்டபோது அவருடைய மீசையே நடுங்கியது. சின்னவளின் தலை ஆடியது.

பெரியவள் உள்ளேயிருந்து வந்தபோது மாஸ்டர் நன்றி சொல்லிவிட்டுத் தெருமுனை தாண்டியிருந்தார்.

"உன் கழுத்துல என்ன ஸ்பிரிங்கா வச்சு அனுப்பினாங்க உங்க வீட்டுல?" என்றாள் பெரியவள். கோட்டு ஒன்றை விரலால் தூக்கிப் பார்த்தாள். கம்பளி. உள்ளே தடித்த லைனிங். பித்தளைப் பொத்தான்கள். வெயில் காலத்திலேயே இரண்டு நாள் காய்கிற சரக்கு.

சின்னவள் கவுண்டரில் சிந்திய சேற்றைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"இதோ பாரு. வாங்கினது வாங்கியாச்சு, கடை மானம் போகக் கூடாது. ஆனா நாளைக்கு இது காயாம அந்த மனுஷன் முன்னாடி நான் கை பிசைஞ்சுகிட்டு நிக்கிற மாதிரி ஆச்சுன்னா, அதோட உன் கவுண்டர் சரி. பின்னாடி மெஷினோட மெஷினா இருந்துக்கோ. அதுங்ககிட்ட எவ்வளவு வேணும்னாலும் தலையாட்டலாம்."

பெரியவள் சும்மா மிரட்டுகிற ரகமில்லை என்பது சின்னவளுக்குத் தெரியும்.

கோட்டுகளைச் சேறு போக அலசி, குளிர்ந்த தண்ணீரில் பதமாகத் துவைத்து, சுற்றிப் பிழிகிற மெஷினில் போட்டு எடுத்து, சாயங்காலத்துக்குள் பின்னறையில் ஹேங்கரில் தொங்கவிட்டார்கள். மாடியிலிருந்த இரண்டு ஹீட்டர்களையும் கீழே கொண்டுவந்தார்கள். ஹீட்டருக்குப் பக்கத்திலேயே மாட்டினால் சீக்கிரம் காயுமே என்று கொழுந்தன் கேட்டான். கம்பளி சுருங்கினால் பொம்மைக்குத்தான் மாட்டலாம், நீ போட்டுக்கொண்டு போய் ஊதுகிறாயா என்று அண்ணி திருப்பிக் கேட்டாள்.

அப்புறம் பெரியவள் தன் வழக்கமான வேலையை ஆரம்பித்தாள். சூட்டைப் பற்றி அவளுக்கு ஒரே கொள்கைதான். சூடு என்பது பூனை மாதிரி, ஒரு இடுக்கு கிடைத்தால் நழுவிவிடும். அதனால் ஜன்னல் இடுக்குகளில் பழைய துண்டுகளைத் திணித்தாள். கதவுக்கடியில் யாரும் வந்து கேட்காத ஜோடியில்லா சாக்ஸ்களைச் சுருட்டி வைத்தாள். சாவித் துவாரத்தில்கூட ஒரு கைக்குட்டை முனையைச் செருகினாள். எறும்பு உள்ளே போகவேண்டுமென்றால் அனுமதி கேட்கவேண்டும் என்ற நிலைக்கு அறையைக் கொண்டுவந்துவிட்டு, இனி காலையில் பார்த்துக்கொள்ளலாம், எல்லாம் அப்பளமாகக் காய்ந்திருக்கும் என்று மாடிக்கு ஏறினாள்.

காலையில் சின்னவள்தான் முதலில் கதவைத் திறந்தாள். திறந்ததும் உலகம் மறைந்துவிட்டது. அவள் மூக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளை பூத்துவிட்டது. கழற்றித் துடைத்து மாட்டினாள், மறுபடி பூத்தது. கண்ணாடி அந்த அறையின் சூட்டுக்குப் பழகிய பிறகுதான் பார்வை வந்தது. பார்த்தபோது, வராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அறை வெதுவெதுவென்று இருந்தது. ஆனால் சுவரில் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி அழுதுகொண்டிருந்தது. சுவரோரமாகப் போகிற தண்ணீர்க் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து கீழே சின்னக் குளம் கட்டியிருந்தது. கோட்டுகளைத் தொட்டாள். நேற்று ராத்திரி குளிர்ந்த ஈரமாக இருந்தது, இப்போது சூடான ஈரமாக இருந்தது. அவ்வளவுதான் முன்னேற்றம். அந்த நேரம் பார்த்துக் கூரையிலிருந்து ஒரு துளி அவள் உச்சந்தலையில் விழுந்தது.

பெரியவள் வந்து பார்த்துவிட்டு, குழாய் ஒழுகுகிறது, அந்த ஈரம்தான் காயவிடவில்லை என்று தீர்மானமாகச் சொன்னாள். பிளம்பருக்குப் போன் போயிற்று.

பிளம்பர் தன் பையோடு, தன் உயரத்துக்குச் சம்பந்தமில்லாத ஒரு தொப்பியோடு வந்தார். அறைக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றினார். கொஞ்ச நேரத்தில் ஸ்வெட்டரையும் கழற்றினார். குழாயைத் துணியால் முழுக்கத் துடைத்துவிட்டு, இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். எல்லாம் கெட்டியாக இருந்தன. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே துடைத்த குழாயின் நடுவில், இணைப்பே இல்லாத இடத்தில், பொடிப்பொடியாகத் தண்ணீர் அரும்பியது.

"இது ஒழுகலைம்மா. வேர்க்குது," என்றார்.

"குழாய்க்கு என்ன வேர்வை? அது என்ன மூட்டை தூக்குதா?" என்றாள் பெரியவள்.

உள்ளே ஓடுகிற தண்ணீர் சில்லென்று இருக்கிறது, இந்த அறைக் காற்றிலோ தண்ணீர் நிறைய ஏறியிருக்கிறது, சில்லென்று எது கிடைத்தாலும் அதன்மேல் இறக்கி வைத்துவிடும் என்றார் பிளம்பர். தான் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதது பற்றி அவருக்கு வருத்தமில்லை. வந்ததற்கு ஒரு டீ கிடைக்குமா என்பதுதான் அவர் கவலை. அதற்குள் முன்பக்கம் யாரோ பெரியவளைக் கூப்பிட, அவள் போனாள். புழுக்கம் தாங்காத பிளம்பர் ஜன்னல் துண்டுகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, ஜன்னலை அகலத் திறந்து, மழையில் தலையை நீட்டிக்கொண்டே டீயைக் குடித்தார். குடித்து முடித்துத் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஜன்னலைச் சாத்த மறந்துவிட்டார்.

சின்னவள் டம்ளரை எடுக்கப் பின்னறைக்குப் போனாள். கதவைத் திறந்து இரண்டு அடி வைத்த பிறகுதான், என்னவோ வித்தியாசமாக இருக்கிறதே என்று நின்றாள். கண்ணாடி பூக்கவில்லை. எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. குழாய்கூட வேர்ப்பதை நிறுத்தியிருந்தது. ஜன்னலை ஒட்டித் தொங்கிய கோட்டின் கையைத் தொட்டாள். ஓரம் லேசாகக் காய்ந்திருந்தது. வெளியே மழை கொட்டுகிறது, மழைக்காற்று உள்ளே வருகிறது, அந்தக் காற்று படுகிற கோட்டுதான் முதலில் காய்கிறது. ஹீட்டருக்குக் கிட்டே, உள்மூலையில் இருந்த கோட்டைத் தொட்டாள். தொப்பல்.

நம்ப முடியாமல் இரண்டையும் மாற்றி மாற்றித் தொட்டுக்கொண்டிருக்கும்போது பெரியவள் வந்தாள்.

"மழைக்கு ஜன்னலைத் திறந்து வச்சுத் துணி காயப்போடுற அதிசயத்தை இந்தத் தெருவுல நம்ம கடையிலதான் பார்க்கலாம்," என்றாள். பிளம்பரின் வம்சத்தை ஒரு நடை திட்டிக்கொண்டே ஜன்னலை அறைந்து சாத்தித் துண்டுகளைத் திணித்தாள். சின்னவள் வாயைத் திறந்தாள். சொல் தொண்டைவரை வந்தது. நின்றது.

சொல்லத் தைரியமில்லாதவர்களுக்கு இன்னொரு வகைத் தைரியம் உண்டு. பெரியவள் இஸ்திரி மேசைக்குத் திரும்பியதும் சின்னவள் பூனைபோலப் பின்னறைக்குப் போய், துண்டுகளை உருவி, ஜன்னலைத் திறந்துவிட்டு வந்தாள். கொஞ்ச நேரத்தில் பெரியவள் எதற்கோ உள்ளே போனாள், அறையும் சத்தம் கேட்டது. சின்னவள் விழுந்த பொத்தானைத் தேடுகிறேன் என்று போனாள், திறந்தாள். பெரியவள் ஹேங்கர் எடுக்கப் போனாள், சாத்தினாள். காலை முழுக்க இதே கதை. ஜன்னலுக்கு மட்டும் வாய் இருந்தால் யாராவது ஒருத்தி சொல்வதைத்தான் கேட்பேன் என்று கத்தியிருக்கும். தன் கொழுந்தன்தான் விளையாடுகிறான் என்று நினைத்த பெரியவள் அவனைப் பிடித்துக் கேட்டாள். அவன் வேனில் துணி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தான். என்ன ஏது என்று தெரியாமலேயே திட்டு வாங்கிப் பழக்கம் என்பதால் அடுத்த நடைக்குச் சிரித்துக்கொண்டே கிளம்பிவிட்டான்.

ஆச்சரியம் என்னவென்றால், கோட்டுகள் காய ஆரம்பித்தன. சின்னவள் ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் கண்ணாடியைக் கவனித்தாள். அறை சாத்தியிருந்து அவள் திறக்கப் போகும்போதெல்லாம் கண்ணாடி பூத்தது. திறந்து வைத்து, பெரியவள் சாத்திய சற்று நேரத்தில் போனால் பூக்கவில்லை. கோட்டுகளின் காலர் காய்ந்தது, கை காய்ந்தது, முன்பக்கம் காய்ந்தது. மத்தியானத்துக்குள் கனம் பாதி குறைந்துவிட்டது. பெரியவள், பார்த்தாயா நான் சாத்தி வைத்த சூட்டின் மகிமையை என்று பெருமைப்பட்டாள். சின்னவள், நான் திறந்து வைத்த ஜன்னலின் மகிமை என்று மனசுக்குள் பெருமைப்பட்டாள்.

மத்தியானச் சமையலுக்குப் பெரியவள் மாடிக்குப் போனாள். இனி ஒரு மணி நேரத்துக்குக் கேட்பாரில்லை. சின்னவள் ஜன்னலை அகலத் திறந்து, கொக்கியும் போட்டுவிட்டு, கடைசி ஈரத்தையும் இந்த ஒரு மணி நேரத்தில் விரட்டிவிடலாம் என்று நிம்மதியாகக் கவுண்டரில் உட்கார்ந்தாள்.

திரும்பிப் போனபோது கண்ணாடி பூக்கவில்லை, சரி. ஆனால் அறை வெளித் தெருவைப்போல விறைத்திருந்தது. ஹீட்டர்கள் பாவம், ஊருக்கெல்லாம் சூடு காட்டிக்கொண்டிருந்தன. கோட்டுகளைத் தொட்டாள். போகும்போது எப்படி இருந்தனவோ அப்படியே, ஒரு சொட்டு கூடக் குறையாததுபோல, சில்லென்று இருந்தன. மணி இரண்டைத் தாண்டியிருந்தது.

திறந்தே வைத்தாலும் காயாது, சாத்தியே வைத்தாலும் காயாது. அப்படியானால் காலையில் மட்டும் எப்படிக் காய்ந்தது? ஈரக் கோட்டைப் பிடித்தபடியே நின்று யோசித்தாள். பிளம்பர் சொன்னது ஞாபகம் வந்தது, சில்லென்று எது கிடைத்தாலும் இறக்கி வைத்துவிடும் என்று. சூடாக இருக்கிற வரைக்கும் காற்று சுமக்கிறது, குளிர்ந்தால் இறக்கி வைக்கிறது. அப்படியென்றால் சூட்டுக் காற்றுக்குப் பெரிய வயிறு, குளிர் காற்றுக்குச் சின்ன வயிறு. மழைக்காற்றின் வயிறு நிரம்பித்தான் இருக்கிறது, ஆனால் அது குழந்தை வயிறு. அதை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திச் சூடு காட்டினால் வயிறு பெரிதாகிவிடும், உள்ளே இருப்பதோ அதே ஒரு கரண்டி. அப்புறம் பசிக்காமல் என்ன செய்யும்? கோட்டிலிருக்கிற தண்ணீரை எல்லாம் வாரிக் குடிக்கும். குடித்து நிரம்பியதும் வெளியே அனுப்பிவிட வேண்டும். அனுப்பாமல் உட்கார வைத்ததுதான் ராத்திரி நடந்த தப்பு. சூடு காட்டாமல் குளிரக் குளிர வைத்திருந்தது இப்போது நடந்த தப்பு.

ராத்திரித் தப்பு பெரியவளுடையது. இப்போதைய தப்பு தன்னுடையது. காலையில் நடந்த நல்லதோ, ஒருத்தி செய்ததை இன்னொருத்தி கலைத்துக் கலைத்து வந்தது. அந்தக் கண்டுபிடிப்பு சின்னவளுக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஏனென்றால் இதைத் திருட்டுத்தனமாகச் செய்ய நேரமில்லை. பெரியவள் எப்போது வருவாள், எப்போது சாத்துவாள் என்று காத்திருந்தால் நாலு மணி ஆகிவிடும். வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும்.

மாடிப்படியில் ஏறினாள். பாதியில் இறங்கினாள். கவுண்டரை ஒரு பார்வை பார்த்தாள். பாட்டுக் குழுவில் பாடுகிற ஒரு பெண்மணி கொடுத்துவிட்டுப் போன பச்சைச் சால்வை அங்கே மடித்து இருந்தது. நாளைக்கு அவள் வாங்க வரும்போது பாட்டு எப்படிப் போயிற்று என்று சொல்வாள். கேட்க அங்கே யார் இருப்பார்கள்? சின்னவள் மறுபடி ஏறினாள்.

பெரியவள் குழம்பைக் கிண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா. காலையில இருந்து ஜன்னலைத் திறந்தது நான்தான்."

பெரியவளின் கரண்டி நின்றது. சட்டியை மூடிவிட்டுத் திரும்பினாள். "நீயா? பேய்னு நெனச்சு நான் உள்ளுக்குள்ள நடுங்கிட்டிருந்தேனே. எதுக்குடி திறந்தே?"

"திறந்ததாலதான் காஞ்சுது. நீங்க சாத்தினதாலயும்தான் காஞ்சுது. ரெண்டும் வேணும். கொஞ்ச நேரம் சாத்திச் சூடு காட்டணும், அப்புறம் திறந்து எல்லாத்தையும் வெளிய அனுப்பணும், மறுபடி சாத்தணும்."

கல்யாணமாகி வந்ததிலிருந்து சின்னவள் மொத்தமாகப் பேசியதில் இதுதான் நீளமானது. பெரியவளுக்கு அவள் சொன்ன விஷயத்தைவிட அவள் சொன்னதே பெரிய விஷயமாக இருந்தது. இருந்தாலும் விட்டுக்கொடுக்கவில்லை. மழைக்காற்று எப்படித் துணியைக் காயவைக்கும் என்றாள். சின்னவள் வயிற்றுக் கதையைச் சொன்னாள், சின்ன வயிறு, பெரிய வயிறு, ஒரு கரண்டி, எல்லாம். சொல்லும்போது கையை வேறு விரித்துக் காட்டினாள். பெரியவள் அடுப்பிலிருந்த குழம்புச் சட்டியையும் அதன் மூடியையும் பார்த்தாள். மூடியைத் தூக்கினாள். அதன் அடியில் தண்ணீர் முத்து முத்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. குழம்பு வற்றவில்லையே என்று அரை மணி நேரமாகக் கிண்டிக் கிண்டி மூடிக்கொண்டிருந்தது தான்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. மூடியை ஓரமாக வைத்தாள். அடுப்பை அணைத்தாள்.

"கண்ணாடியைக் கழட்டு," என்றாள்.

சின்னவளுக்கு ஒரு நிமிஷம் அடிக்கப் போகிறாளோ என்றுகூடத் தோன்றிவிட்டது. கழற்றிக் கொடுத்தாள். கண்ணாடி பூப்பதையும் பூக்காததையும் பற்றியும் அவள் சொல்லியிருந்தாளே, அதைத்தான் பெரியவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். கீழே போய் ஜன்னலைச் சாத்தினாள், ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தாள். கண்ணாடியைக் கவுண்டர் வாசலின் குளிரில் சற்று வைத்திருந்து, உள்ளே கொண்டுபோய்த் தூக்கிப் பிடித்தாள். பூக்கவில்லை. பொறுத்தாள். மறுபடி குளிரில் வைத்து, மறுபடி கொண்டுபோனாள். இந்தத் தடவை இரண்டு வட்டமும் பால்போல வெளுத்தன.

"நிரம்பிடுச்சு. திற," என்றாள்.

அதன் பிறகு அந்த யோசனை யாருடையது என்பதே தெரியாத அளவுக்குப் பெரியவள் அதைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தெர்மாமீட்டர் வைத்த டாக்டர் மாதிரி முன்னும் பின்னும் நடந்தாள். திற என்றால் திறக்கவும், சாத்து என்றால் சாத்தவும் சின்னவள் ஜன்னலடியில் நின்றாள். கண்ணாடி இல்லாததால் அவளுக்கு எல்லாமே சிவப்பு மேகமாகத் தெரிந்தது. கொக்கியைத் தேடி ஒரு கோட்டின் பொத்தானைத் திருகினாள். கைகுலுக்குவதுபோல இன்னொரு கோட்டின் கையைப் பிடித்து நகர்த்தினாள். வேனை நிறுத்திவிட்டு உள்ளே வந்த அவள் கணவன், பெண்டாட்டி கோட்டு ஒன்றிடம் மன்னிப்புக் கேட்பதையும், அண்ணி மூக்குக் கண்ணாடியை விளக்குபோலத் தூக்கிப் பிடித்து வருவதையும் பார்த்தான். இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவுகட்டி, எதற்கும் இருக்கட்டும் என்று வாசலிலேயே நின்றுகொண்டான். அவனையும் இழுத்துக் கூரையில் துளி கட்டுகிற இடங்களைத் துடைக்க விட்டாள் பெரியவள்.

ஒவ்வொரு சுற்றிலும் கோட்டுகள் இலேசாகிக்கொண்டே வந்தன. பித்தளைப் பொத்தான்கள் மினுமினுத்தன. நாலு மணிக்கு முன்னாலேயே பதினொன்று மொறுமொறுவென்று காய்ந்து, இஸ்திரி கண்டு, கவுண்டரில் அடுக்காக இருந்தன. மிச்சம் ஒன்று. அது மற்றதைப்போல ஒன்றரை மடங்கு இருந்தது. இரண்டு பேர் உள்ளே புகுந்து நிற்கலாம். எவ்வளவு திறந்து எவ்வளவு சாத்தியும் அதன் முதுகு மட்டும் ஈரமாகவே இருந்தது.

தெருவில் பேச்சுச் சத்தம் கேட்டது. மாஸ்டரும் அவர் ஆட்களும் வாத்தியங்களோடு வந்துகொண்டிருந்தார்கள். மழை விட்டிருந்தது, குளிர் விடவில்லை.

பெரியவள் கண்ணாடியைச் சின்னவளின் மூக்கில் தானே மாட்டிவிட்டாள். ஈரக் கோட்டை அடுக்கின் நடுவில் செருகி, குரலைத் தாழ்த்தி, பேசாமல் கொடுத்துவிடு, போட்டுக்கொண்டால் உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும், அவர்களுக்கா தெரியப் போகிறது என்றாள்.

மாஸ்டர் அடுக்கைப் பார்த்ததும் கும்பிடாத குறையாகக் கைகளை உயர்த்தினார். மேலே இருந்த கோட்டைத் தடவிப் பார்த்து, சூடாக இருக்கிறதே என்று குழந்தைபோலச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே சின்னவள் நடுவிலிருந்த கோட்டை உருவித் தனியாக வைத்தாள்.

"மாஸ்டர், இது ஒண்ணு மட்டும் முதுகுல இன்னும் ஈரம். எங்களால ஆகலை. உங்ககிட்ட மறைக்க மனசு வரலை."

பின்னால் பெரியவள் மூச்சை இழுத்துக்கொண்ட சத்தம் கேட்டது. மாஸ்டரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஈரக் கோட்டு போட்டவன் குளிரில் நடுங்கினால் தாளம் என்ன ஆவது என்றார். அவர் மேலே பேசுவதற்குள், வயிற்றைச் சுற்றி ராட்சத பித்தளைக் குழலை மாட்டியிருந்த ஒரு மனிதர், குழுவில் எல்லோரும் பீரங்கி என்று கூப்பிடுகிறவர், கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். குழலைக் கழற்றி இன்னொருவர் தலையில் கவிழ்த்துவிட்டு, கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"வெந்நீர் ஒத்தடம் குடுத்த மாதிரி இருக்கு. முதுகு வலிக்கு நல்லது," என்றார். "நேத்தே சொல்லியிருந்தா என்னோடதை முழுசா ஈரமாவே வாங்கியிருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. போவதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் பார்த்துவிடலாம் என்று லாண்டரி வாசலிலேயே எல்லோரையும் வரிசையில் நிறுத்தினார். சிவப்புக் கோட்டுகளில் பொத்தான்கள் பளபளத்தன. கையை உயர்த்தினார், இறக்கினார்.

வாத்தியங்கள் முழங்கின. பீரங்கி கன்னங்களை உப்பி ஊதினார். ஊத ஊத அவருடைய முதுகிலிருந்து வெள்ளையாக ஏதோ கிளம்பியது. முதலில் இழை இழையாக. அப்புறம் சுருள் சுருளாக. குளிர்ந்த சாயங்காலக் காற்றில் அந்தப் பெரிய முதுகின் ஈரம் ஆவியாகப் புகைந்து, தோளுக்கு மேலே ஏறி, தலைக்கு மேலே கலைந்தது. பார்க்கிறவர்களுக்கு அவர் ஊதுகிற ஊதலில் ஆள் தீப்பிடித்துவிட்டார் என்றே தோன்றியிருக்கும். எதிர்க்கடைக்காரர் வெளியே வந்தார். மாடி ஜன்னல்கள் திறந்தன. சைக்கிளில் போனவர் இறங்கி நின்று, மெய்மறந்து கைதட்டினார். மாஸ்டருக்கு முதலில் விஷயம் புரியவில்லை, அவர் கூட்டத்தைப் பார்த்தார், திரும்பிப் பீரங்கியைப் பார்த்தார், அப்புறம் அவர் மீசை மெல்ல விரிந்தது. மைதானம்வரை எல்லோரும் வேகமாக நடங்கள், அவன் முதுகு காய்ந்துவிடக் கூடாது என்று கட்டளையிட்டார்.

வேனில் அவர்கள் பின்னாலேயே போன சின்னவளின் கணவன், இருட்டியதும் செய்தியோடு வந்தான். இரண்டாம் பரிசு. முதல் பரிசு வாங்கியவர்களைவிட இவர்களைத்தான் எல்லோரும் படம் எடுத்தார்களாம். அந்தப் புகை மெஷின் எந்தக் கடையில் கிடைக்கும் என்று நடுவர் ஒருவர் கேட்டாராம். மாஸ்டர் லாண்டரியின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

பெரியவள் அதைக் கேட்டுப் பெருமையை மறைக்க, கவுண்டரைத் துணியால் அழுத்தித் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். சின்னவள் பக்கத்தில் நின்றாள். கவுண்டர் இனி யாருக்கு என்று கேட்கலாமா வேண்டாமா என்று யோசித்தாள். இன்றைக்குப் பேசவேண்டியதை எல்லாம் பேசித் தீர்த்துவிட்டதுபோல இருந்தது.

அந்த நேரம் ஒரு பெண் இரண்டு கம்பளிப் போர்வைகளைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்க வாசலில் வந்து நின்றாள். கடை உண்டா, இதை வாங்கிக்கொள்வீர்களா என்று பெரியவளைப் பார்த்துக் கேட்டாள்.

பெரியவள் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"என்னைக் கேக்காதீங்கம்மா. கவுண்டர் எங்க சின்னவளோடது. அவ முடியும்னா முடியும், முடியாதுன்னா முடியாது," என்று சொல்லிவிட்டு, மத்தியானம் பாதியில் விட்ட குழம்பை வற்ற வைக்க மாடிப்படி ஏறினாள்.

சின்னவள் போர்வைகளை வாங்கிக் கனம் பார்த்தாள். ஓரத்தைப் புரட்டித் தையலைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து, "உங்களுக்கு எப்போ வேணும்?" என்று கேட்டாள்.